தொண்டை நாட்டுக் கடற்கரையில் யவனத் தேறல்

சங்க காலத்தில் மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து தமிழகத் துறைமுகங்களுக்குக் கப்பல் வழியாக வந்த திராட்சை மதுவை யவனத் தேறல் என்பர். ஆம்போரா எனப்படும் இரு கைப்பிடிச் சுடுமண் சாடிகளில் அது வந்தது. மது மறைந்துவிட்டது, சாடிகளின் உடைந்த ஓடுகள் மட்டும் எஞ்சியுள்ளன. இன்று சென்னையின் தென்புறநகர், செங்கல்பட்டு மாவட்டம், புதுச்சேரி என்று பிரிந்துகிடக்கும் கடற்கரையில் அத்தகைய ஓடுகள் கிடைத்துள்ளன. அதே கரையில் காய்ச்சிப் புளிக்கவைத்த உள்ளூர்த் தேறலைப் பற்றியும், அதனோடு உண்ட உணவைப் பற்றியும் பத்துப்பாட்டு விரிவாகப் பேசுகிறது. இக்கட்டுரை இவ்விரு வகைச் சான்றுகளையும் தொகுத்துக் காண்கிறது. ஓக் பீப்பாயில் முதிரவைக்கப்படும் இன்றைய ஸ்பானிய சிவப்பு ஒயினோடு அந்தப் பழைய மதுவுக்கு உள்ள உறவும் வேறுபாடும் இங்கே கூறப்படுகின்றன.

மதுவைக் குறிக்கும் சொற்கள்

சங்க இலக்கியத்தில் மதுவுக்குப் பல பெயர்கள் உண்டு. கள் என்பது பொதுப்பெயர். வடித்துத் தெளிந்தது தேறல். பிழிந்து எடுத்தது பிழி. அரித்து எடுத்தது அரியல். வீட்டில் அரிசியைக் கொண்டு ஆக்கியது தோப்பி. நறவு, மட்டு, மகிழ் ஆகிய சொற்களும் வழங்கின. செய்முறையையும் பதத்தையும் ஒட்டிப் பெயர்கள் பிரிந்திருப்பது, மது தயாரிப்பு நன்கு வளர்ந்த வீட்டுத் தொழிலாக இருந்ததைக் காட்டுகிறது.

யவனர் கொண்டுவந்த மது, புறநானூற்றின் 56-ஆம் பாடலில் தெளிவாகக் குறிப்பிடப்படுகிறது. நக்கீரர் பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடியது இது. யவனர் தந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர, மன்னன் அருந்தி மகிழ்ந்து வாழவேண்டும் என்று புலவர் வாழ்த்துகிறார். இப்பாடலில் வரும் 'நன்கலம்' என்ற சொல்லுக்கு இருவகையாகப் பொருள் கொள்ளலாம். கலம் என்பது கப்பலையும் குறிக்கும், பாத்திரத்தையும் குறிக்கும். நல்ல கப்பலில் வந்த மது என்றாலும், நல்ல சாடியில் வந்த மது என்றாலும் பாடல் பொருள்படும். தொல்லியல் சான்று இரண்டாவது பொருளுக்கும் இடம் தருகிறது.

கடற்கரைத் துறைமுகங்கள்

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'செங்கடல் செலவு' என்னும் வணிகர் கையேடு, சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்னும் மூன்று துறைமுகங்களைச் சொல்கிறது. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு என்றும், சோபட்மா மரக்காணம் பகுதியிலிருந்த எயிற்பட்டினம் என்றும் பலர் கருதுகின்றனர்.

மரக்காணத்துக்கு வடக்கே பாலாற்றின் முகத்துவாரத்தில் வாசவசமுத்திரம் உள்ளது. கல்பாக்கத்துக்குத் தெற்கே, பல்லவர் கால வரலாற்றில் அறியப்பட்ட வயலூருக்கு அருகில் அமைந்த சிற்றூர் இது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-ஆம் ஆண்டையொட்டி, இரா. நாகசாமியின் காலத்தில் இங்கு அகழாய்வு செய்தது. உறைகிணறுகளும், கூம்பு வடிவச் சாடிகளின் ஓடுகளும், ரௌலெட்டட் வகை ஓடுகளும் கிடைத்தன. பாலாற்றின் வழியே உள்நாட்டில் சென்றால் காஞ்சிபுரத்தை அடையலாம். தொண்டை நாட்டின் தலைநகருக்கு வாசவசமுத்திரம் ஒரு கடல்வாயிலாக இருந்திருக்க வேண்டும்.

காஞ்சிபுரம் அகழாய்வுகளிலும் கூம்பு வடிவச் சாடிகள் கிடைத்தன. அவற்றுள் உள்ளூர் மண்ணில் வனையப்பட்டவையும் உண்டு. வெளிநாட்டுச் சாடியின் வடிவத்தை உள்ளூர்க் குயவர்கள் பார்த்துச் செய்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். சென்னை நகருக்குள் மாம்பலத்தில் கிடைத்த முத்திரைக் காசுப் புதையலில், ரோமப் பேரரசர் அகஸ்டசின் வெள்ளிக்காசு ஒன்றும் இருந்தது. அகஸ்டஸ் கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்டவர்.

தாம்பரம், பல்லாவரம் பகுதி துறைமுகம் அன்று. ஆயினும் மக்கள் மிகப் பழங்காலந்தொட்டு வாழ்ந்த நிலம். 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியை அடையாளம் கண்டது பல்லாவரத்தில்தான். கால்களோடு கூடிய சுடுமண் ஈமப்பேழைகளும் அங்கு கிடைத்துள்ளன. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையிலிருந்த இந்த ஊர்களுக்கு யவனச் சாடி வந்ததாகச் சொல்ல நேரடிச் சான்று இல்லை. சாடிகள் துறைமுகங்களிலும் தலைநகரிலுமே கிடைக்கின்றன என்பது, அந்த மது யாருக்காக வந்தது என்ற கேள்விக்கு ஒரு தொடக்க விடை.

அரிக்கமேடு தந்த சான்று

இந்தக் கரையில் யவன மதுவைப் பற்றி விரிவாக அறிய உதவுவது அரிக்கமேடு. 1937-இல் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேய் இங்கு கிடைத்த பழம்பொருள்களின் ரோமத் தொடர்பை உணர்ந்தார். 1941-இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த அ. ஐயப்பன் அகழாய்வு செய்தார். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் ஆம்போராவின் கழுத்தையும் கைப்பிடியையும் கண்டு, அது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். அதன் விளைவாக 1945-இல் அரிக்கமேட்டில் அவர் அகழாய்வு நடத்தினார். 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசால் தொடர்ந்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் அகழாய்வு நடந்தது.

ஆம்போரா ஓடுகளை ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் எலிசபெத் லைடிங் வில். சாடியின் வாய், கைப்பிடி, அடிப்பகுதி, களிமண் ஆகியவற்றைக் கொண்டு அது எந்த ஊரில் செய்யப்பட்டது, எதை ஏற்றி வந்தது என்று கூறமுடியும். பெரும்பாலானவை மதுச் சாடிகள். அவற்றில் ஏஜியன் கடலின் கோஸ் தீவுச் சாடிகளும், அவ்வடிவத்தைப் பின்பற்றிப் பிற இடங்களில் செய்யப்பட்டவையும் மிகுதி. இரட்டைக் கைப்பிடி இவற்றின் அடையாளம். ரோட்ஸ், நிடோஸ் சாடிகளும் உண்டு. இத்தாலியில் வெசூவியஸ் எரிமலையைச் சூழ்ந்த கம்பானியாவின் சாடிகளில் எரிமலைக் கருமணல் கலந்திருக்கும் என்பதால் அவற்றை எளிதில் அடையாளம் காணலாம்.

மேற்குக் கரையில் கேரளத்தின் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வுகளில் ஆயிரக்கணக்கான ஆம்போரா ஓடுகள் கிடைத்தன. முசிறித் துறைமுகம் இருந்த இடமாக அது கருதப்படுகிறது. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு சென்றதை அகநானூற்றின் 149-ஆம் பாடல் சொல்கிறது. பொன்னோடு மதுவும் வந்தது என்பதை ஓடுகள் சேர்க்கின்றன.

ஸ்பெயினிலிருந்து வந்தது

அரிக்கமேட்டின் ஓடுகளில் ஸ்பெயினைச் சேர்ந்தவையும் இருக்கின்றன. ஆனால் அவை ஏற்றிவந்தது மது அன்று, காரம் எனப்பட்ட மீன் சாறு. தமிழில் உறைப்பைக் குறிக்கும் காரம் என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மீனையும் அதன் குடலையும் உப்பிட்டு, வெயிலில் பல வாரங்கள் புளிக்கவைத்து வடித்தெடுக்கும் சாறு இது. ரோமானியர் உப்புக்குப் பதிலாகவும் சுவையூட்டவும் எல்லா உணவிலும் இதைச் சேர்த்தனர். தென் ஸ்பெயினின் பேட்டிகா மாகாணம் இதற்குப் பெயர்பெற்றது. அங்கு பைலோ கிளாடியா என்ற கடற்கரை ஊரில் மீன் உப்பிட்ட கல்தொட்டிகளை இன்றும் காணலாம்.

மீன் சாற்றோடு, ஏட்ரியாட்டிக் கடலின் இஸ்திரியாவிலிருந்து ஆலிவ் எண்ணெயும் அரிக்கமேட்டுக்கு வந்தது. இது முக்கியமான குறிப்பு. மது உள்ளூர்ச் செல்வருக்கு விற்கும் பொருளாக வந்திருக்கலாம். நல்லெண்ணெயும் கருவாடும் உள்ள நாட்டில் ஆலிவ் எண்ணெயையும் மீன் சாற்றையும் வாங்க ஆள் இருந்திருக்குமா என்பது ஐயம். எனவே தம் ஊர் உணவை விட்டுப் பிரிய மனமில்லாத மேற்கு நாட்டவர் சிலர் அரிக்கமேட்டில் தங்கியிருந்தனர் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அவர்களுடைய உணவுத் தட்டில் ஏஜியன் தீவின் மதுவும் ஸ்பெயினின் மீன் சாறும் சோழமண்டலத்தின் அரிசியும் ஒன்றாக இருந்திருக்கும்.

ஸ்பெயினில் அக்காலத்தில் மது உற்பத்தி இல்லாமல் இல்லை. இன்றைய பார்சிலோனா, தரகோனா பகுதிகளின் மதுவைப் பற்றி முதலாம் பிளினி எழுதியிருக்கிறார். ஆனால் அந்த மதுவின் பெரும்பகுதி ரோம், கால் நாடுகளின் சந்தைக்குச் சென்றது. இந்தியாவுக்கு எகிப்தின் செங்கடல் துறைமுகங்கள் வழியாகவே பொருள்கள் வந்தன. எகிப்துக்கு அருகிலிருந்த ஏஜியன், சிரியப் பகுதிகளும், ரோமுக்கு அருகிலிருந்த கம்பானியாவும் இதில் முந்தின. செங்கடல் கரையின் பெரனிகே துறைமுகத்தில் கிடைத்த சுங்கச் சீட்டு ஓடுகளில் இத்தாலிய மது, லவோதிகேயா மது, ரோட்ஸ் மது என்று பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அதே பெரனிகேயின் கோயில் ஒன்றில் இந்தியச் சாடிக்குள் 7.5 கிலோவுக்கும் சற்று மிகுதியான மிளகு கிடைத்தது. இங்கிருந்து சென்ற சாடியும் அங்கிருந்து வந்த சாடியும் ஒரே துறைமுகத்தைக் கடந்திருக்கின்றன.

சாடிக்குள் இருந்த மதுவின் தன்மை

ரோமானிய ஆம்போராவின் வழக்கமான அளவு ஏறத்தாழ 26 லிட்டர். சுடுமண்ணில் நுண்துளைகள் இருப்பதால் மது கசியாதபடி உட்புறம் பைன் மரப் பிசின் பூசப்பட்டது. மது அந்தப் பிசினின் மணத்தை ஏற்றது. கோஸ் தீவு மதுவுக்கு மேலும் ஒரு சிறப்பு உண்டு. கெடாமல் இருக்க அதில் கடல்நீர் கலப்பர். கோஸ் வகை மதுவைச் செய்யும் முறையை ரோமானிய எழுத்தாளர் கேட்டோ கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். எனவே கரைக்கு வந்தது பெரும்பாலும் உப்பும் பிசின்மணமும் கலந்த மதுவாக இருந்திருக்கும். கிரேக்கரும் ரோமானியரும் நீர் கலந்தே அதை அருந்தினர்.

புறநானூற்றுப் பாடல் யவனத் தேறலுக்குக் குளிர்ச்சியையும் மணத்தையும் சொல்கிறது, புளிப்பையோ இனிப்பையோ சொல்லவில்லை. மணமே அதன் புதுமையாகத் தோன்றியிருக்கிறது. அந்த மணத்தில் திராட்சையின் பங்கு எவ்வளவு, பிசினின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

சான்றுகளைப் பற்றிய மறு ஆய்வு

இருபதாம் நூற்றாண்டின் அகழாய்வு அறிக்கைகளில் ஆம்போரா என்ற சொல் சற்றுத் தாராளமாகவே பயன்பட்டது. ஆய்வாளர் ராபர்ட்டா டோம்பர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் திருத்தியது. இந்தியாவில் ரோம ஆம்போரா என்று பதிவான ஓடுகளில் பல உண்மையில் மெசபட்டோமியா, பாரசீக வளைகுடாப் பகுதியின் டார்ப்பிடோ சாடிகள் என்று அவர் காட்டினார். இவற்றுக்குக் கைப்பிடி இல்லை. உட்புறம் பைன் பிசினுக்குப் பதிலாகக் கருநிற நிலக்கீல் பூசப்பட்டிருக்கும். காலமும் பிந்தியது. சாசானியர் காலத்திலும் அதன் பிறகும் இவை பெருவழக்காயின.

ரௌலெட்டட் ஓடுகளின் கதையும் இதைப் போன்றதே. வீலர் காலத்தில் அவை மத்தியதரைக் கடலிலிருந்து வந்தவையாகக் கருதப்பட்டன. களிமண் ஆய்வுகளுக்குப் பிறகு அவை இந்தியாவில் செய்யப்பட்டவை என்பது உறுதியாயிற்று.

இதனால் தொண்டை நாட்டுக் கடற்கரையின் பழைய அறிக்கைகளைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கூம்பு வடிவச் சாடி என்பதாலேயே அதை ரோமச் சாடி என்றோ, ஆம்போரா என்பதாலேயே அதில் மது இருந்தது என்றோ கொள்ளக்கூடாது. களிமண், உட்பூச்சு, கைப்பிடி ஆகிய மூன்றும் பார்க்கப்பட்ட இடங்களில் மட்டுமே முடிவு உறுதியானது. அரிக்கமேடும் பட்டணமும் அந்த வகையில் முழுமையாக ஆராயப்பட்டவை. கூம்புச் சாடிகள் கிடைத்த மற்ற ஊர்களுக்கும் இதே முறையிலான ஆய்வு வேண்டும். தென்சென்னைக் கடற்கரையில் குடியிருப்புகள் பெருகிவரும் நிலையில், மண்ணுக்கடியில் எஞ்சியிருப்பவற்றை ஆராயும் வாய்ப்பு குறைந்துவருகிறது.

தேறலும் உணவும்

யவனத் தேறலை மன்னர் அருந்தினர். அதே கரையின் எளிய மக்கள் எதை அருந்தினர், எதனோடு உண்டனர் என்பதை ஆற்றுப்படை நூல்கள் சொல்கின்றன. பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழியையும் வழியில் கிடைக்கும் உணவையும் கூறுவது ஆற்றுப்படை. ஒவ்வொரு நிலத்திலும் உணவும் மதுவும் இணைத்தே கூறப்படுவதால், இவை பண்டைய தொண்டை நாட்டு உணவு வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள்.

பெரும்பாணாற்றுப்படை 500 அடிகள் கொண்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. இதில் வலைஞர் குடியிருப்பில் மது செய்யும் முறை படிப்படியாகச் சொல்லப்படுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டில் ஆறவிடுவர். அதில் முளையைக் கொண்டு செய்த அடையைக் கலப்பர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தபின் உறுதியான வாயுடைய சாடியில் முதிரவிட்டு, வெந்நீரில் வேகவைத்து அரிப்பர். இந்தப் பிழியைப் புதிதாகச் சுட்ட மீனோடு தருவர். முளைகட்டிய தானியத்தைச் சேர்த்தால் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறும். பிறகே அது புளித்து மதுவாகும். இன்று பீர் தயாரிப்பில் பின்பற்றப்படும் அடிப்படையும் இதுவே.

அதே நூலில் நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினம் வருகிறது. மாமல்லபுரம் அல்லது அதன் அருகிலுள்ள ஊர் என்று இதைப் பலர் கருதுவர். குதிரைகளோடும் வடநாட்டு வளங்களோடும் வந்த நாவாய்கள் அங்கு சூழ்ந்து நிற்கின்றன. இரவில் கப்பல்களை அழைக்க உயர்ந்த மாடத்தில் விளக்கு எரிகிறது. அப்பட்டினத்தில் பாணனுக்குக் கிடைப்பது ஆண்பன்றியின் கொழுத்த இறைச்சியும் கடுமையான கள்ளும். அந்தப் பன்றி மற்றப் பன்றிகளோடு திரியவிடப்படாமல், குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவை ஊட்டிப் பல நாள் வளர்க்கப்பட்டது. மதுவுக்கு ஏற்ற கொழுப்பு இறைச்சியில் சேரவேண்டும் என்பதற்காகத் தீனியைத் திட்டமிட்டுத் தந்திருக்கிறார்கள்.

சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. நல்லூர் நத்தத்தனார், ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. திண்டிவனத்தைச் சூழ்ந்தது ஓய்மா நாடு. எயிற்பட்டினத்தில் நுளைமகள் அரித்த பழைய தேறலைப் பரதவர் தருகின்றனர். உடன் வருவது வாட்டிச் சுட்ட குழல்மீன். அடுப்பில் எரிவது கடல் அலை ஒதுக்கிய மணமுள்ள மரம். அது கரையில் கிடப்பதை ஒட்டகம் படுத்துறங்குவதற்குப் புலவர் ஒப்பிடுகிறார்.

மூன்று இடங்களிலும் ஒரு முறைமை தெரிகிறது. புதிய அரிசி மதுவோடு புதிய மீன். கடுமையான கள்ளோடு கொழுத்த இறைச்சி. முதிர்ந்த தேறலோடு வாட்டிய மீன். உணவுக்கு ஏற்ற மது என்ற எண்ணம் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று.

முதிரவைத்தல்: மண், மூங்கில், மரம்

மதுவை நாள்பட வைத்தால் கடுமையும் மணமும் கூடும் என்பதைச் சங்கத் தமிழர் அறிந்திருந்தனர். நாள்பட்ட தேறலின் கடுப்பைப் புறநானூறு தேள் கொட்டியதோடு ஒப்பிடுகிறது. பாரியின் பறம்பு நாட்டைப் பற்றிய பாடலில் நிலத்தில் புதைத்து முதிரவைத்த மட்டு வருகிறது. மலைபடுகடாம் மூங்கில் குழாயில் ஊற்றி விளையவைத்த தேன்கள்ளைச் சொல்கிறது. நிலத்தில் புதைத்தால் வெப்பம் சீராக இருக்கும். மூங்கில் தன் மணத்தைச் சிறிது தரும்.

ரோமானியரும் தொடக்கத்தில் மண்சாடியிலேயே முதிரவைத்தனர். மரப்பீப்பாய் ஆல்ப்ஸ் மலையை ஒட்டி வாழ்ந்த மக்களின் பாத்திரம். பிளினி அதைப் பற்றி எழுதுகிறார். பின்னர் மெல்ல மெல்லப் பீப்பாய் ஆம்போராவின் இடத்தைப் பிடித்தது. கனம் குறைவு, உருட்டிச் செல்லலாம், எளிதில் உடையாது என்பவை காரணங்கள். மதுவின் சுவையை மாற்றவேண்டும் என்பது தொடக்கத்தில் நோக்கமாக இல்லை.

ஸ்பெயினின் ரியோகா பகுதியில் ஓக் பீப்பாயில் முதிரவைக்கும் இன்றைய மரபு மிகவும் பிந்தியது. 1850களில் லூசியானோ முரியேத்தா பிரான்சின் போர்தோ நகர முறையை அங்கு அறிமுகம் செய்தவர்களில் ஒருவர். 1858-இல் மார்க்கேஸ் தே ரிஸ்கால் நிறுவனம் தொடங்கியது. 1860களில் பிலாக்சரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியதும், பிரெஞ்சு வணிகர் மது தேடி ரியோகாவின் ஆரோ நகருக்கு வந்தனர். 225 லிட்டர் கொள்ளும் போர்தோ பீப்பாயும் உடன் வந்து நிலைத்தது. 1925-இல் ரியோகா என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 1991-இல் ஸ்பெயினின் மிக உயர்ந்த தரநிலை அதற்கு வழங்கப்பட்டது.

அங்கு முதன்மையான திராட்சை தெம்பிரானில்லோ. விரைவில் பழுக்கும் என்பதால் ஸ்பானிய மொழியில் அப்பெயர். முதிரும் காலத்தைக் கொண்டு மது தரம் பிரிக்கப்படுகிறது. கிரியான்சா இரண்டாண்டு முதிர்ந்தது. ரெசர்வா மூன்றாண்டு. இவ்விரண்டும் குறைந்தது ஓராண்டு ஓக்கில் இருக்கவேண்டும். கிரான் ரெசர்வா ஐந்தாண்டு முதிர்ந்தது, அதில் குறைந்தது இரண்டாண்டு ஓக்கில் கழியவேண்டும். காலமும் பீப்பாயும் இடமும் சேர்ந்தே அதன் விலையை உயர்த்துகின்றன.

ஓக் மரம் மதுவில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. மரத்தின் நுண்துளை வழியே சிறிதளவு காற்று புகுந்து, துவர்ப்பை மென்மையாக்குகிறது. மரத்திலுள்ள வேதிப்பொருள்கள் மதுவில் கரைந்து மணம் தருகின்றன. ரியோகாவில் மரபாகப் பயன்படும் அமெரிக்க ஓக்கிலிருந்து வரும் லாக்டோன் தேங்காயின் மணத்தைத் தரும். வனிலின் வனிலா மணத்தைத் தரும். யூஜினால் கிராம்பின் மணத்தைத் தரும். கிராம்பின் மணத்துக்கும் யூஜினாலே காரணம். தமிழ்ச் சமையலறைக்குப் பழகிய இரு மணங்கள் இவ்வாறு ஸ்பானிய மதுவில் இருக்கின்றன.

உணவோடு பொருந்தும் முறை

சிவப்பு மதுவின் துவர்ப்புக்குக் காரணம் டானின். அது இறைச்சியின் புரதத்தோடு இணைவதால் நாவில் துவர்ப்பு குறைகிறது. ரியோகாவில் திராட்சைக் கொடியின் காய்ந்த குச்சிகளை எரித்து, அத்தணலில் ஆட்டுக்குட்டியின் விலா இறைச்சியைச் சுட்டு உண்பது மரபு. பன்றித்தொடை உப்புக்கண்டமும், மான்செகோ என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் இதனோடு பரிமாறப்படும்.

மீனோடு சிவப்பு மது பொருந்தாது என்று கூறுவதற்கும் காரணம் உண்டு. மதுவிலுள்ள இரும்புச் சத்து மீனின் கொழுப்போடு சேரும்போது கவிச்சி மிகுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினர். எயிற்பட்டினத்துச் சுட்ட மீனுக்கு நுளைமகளின் தேறல் பொருத்தமானதே. நீர்ப்பெயற்றின் கொழுத்த பன்றி இறைச்சி ரியோகாவின் மேசையிலும் இடம்பெறும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும் என்பதால், மிளகாய் மிகுந்த இன்றைய குழம்பைவிட மிளகும் உப்பும் இட்ட சுட்ட இறைச்சியே இவ்வகை மதுவுக்கு நெருக்கமானது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தது. சங்க காலத் தட்டில் அது இல்லை.

பிற்கால வரலாறு

மதுவை மறுத்த குரலும் தமிழில் பழமையானது. திருக்குறள் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தது. சமண, பௌத்த அறநூல்களும் மதுவை விலக்கின.

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் சாந்தோமிலும் பரங்கிமலையிலும் குடியேறியபோது, வழிபாட்டுக்கும் உணவுக்குமாகத் திராட்சை மது மீண்டும் இக்கரைக்கு வந்தது. 1639-இல் சென்னையில் நிலம் பெற்ற ஆங்கிலேயர், 18-ஆம் நூற்றாண்டில் பெரிதும் மதீரா மதுவை அருந்தினர். அட்லாண்டிக் தீவான மதீராவிலிருந்து பீப்பாயில் புறப்பட்ட அந்த மது, வெப்பமண்டலக் கடலைக் கடந்து இந்தியா வரும்போது சூட்டாலும் அசைவாலும் சுவை கூடியது. கடற்பயணமே முதிரவைக்கும் முறையாகியது.

1937-இல் இராஜாஜி தலைமையிலான அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. பின்னர் மாநிலம் முழுவதும் அது விரிந்தது. 1971-இல் தளர்த்தப்பட்டு, மீண்டும் நடைமுறைக்கு வந்து, மீண்டும் தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டு, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கள் இறக்குவது தமிழ்நாட்டில் 1987 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. இன்று இந்தக் கரையில் வெளிநாட்டு மதுவை அரசுக் கடையில் வாங்கலாம். உள்ளூர்க் கள்ளை விற்பது குற்றம். கள்ளுக்கான தடையை நீக்கவேண்டும் என்று பனை, தென்னை விவசாயிகள் கோருகின்றனர். மதுவிலக்கை வேண்டுவோர் இரண்டும் வேண்டாம் என்கின்றனர்.

மதிப்பீடு

தொண்டை நாட்டுக் கடற்கரையில் யவனத் தேறல் ஒரு சிறுபான்மைப் பொருள். தொலைவிலிருந்து வந்ததாலும் விலை மிகுந்ததாலும் மன்னரின் பொற்கிண்ணத்தில் இடம்பெற்றது. ஸ்பெயினின் பங்கு அக்காலத்தில் மதுவாக இல்லாமல் மீன் சாறாக வந்தது. பெரும்பாலான மக்களின் மது அரிசியிலும் பனையிலும் தேனிலும் உள்ளூரிலேயே ஆக்கப்பட்டது. வெளிநாட்டு மதுவைப் பற்றிப் பாடல்கள் ஓரிரு அடிகளே பேசுகின்றன. உள்ளூர் மதுவுக்கோ செய்முறை, முதிரும் நாள், ஏற்ற உணவு, எரிக்கும் விறகு வரை பதிவு உள்ளது. யவனரின் மது வரலாற்றை ஓடுகளிலிருந்து மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. வலைஞரின், நுளையரின் மது வரலாறு பத்துப்பாட்டில் எழுத்தாகவே நிற்கிறது.